உதிர்ந்துபோகும் எஸ்: கண்டி வகுப்பறையில் ஆங்கில எழுவாய் – பயனிலை இயைபு

ஆங்கில வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும் ஓர் எஸ்ஸைப் பற்றியது இந்தக் கட்டுரை. 'ஐ கோ', 'யூ கோ', 'தே கோ' என்று சொல்பவர், 'ஹி' என்று தொடங்கினால் மட்டும் 'கோஸ்' என்று முடிக்க வேண்டும். விதி அவ்வளவுதான். ஆரம்ப வகுப்புப் பிள்ளைக்கும் ஐந்து நிமிடத்தில் விளங்கப்படுத்திவிடலாம். ஆனால் அதே பிள்ளை சாதாரண தரம் கடந்து, உயர்தரம் கடந்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில விரிவுரைக்குக் குறிப்பெடுக்கும் காலத்திலும் அந்த எஸ் விடுபட்டுக்கொண்டே இருக்கும். ஏன் என்று கேட்டால் ஆசிரியர் அறையில் இரண்டு விடைகள் கிடைக்கும். பிள்ளைகளுக்குக் கவனம் போதாது என்பது ஒன்று. தாய்மொழி வந்து குழப்புகிறது என்பது மற்றது. முதலாவது விடை எதையும் விளக்கவில்லை. இரண்டாவது பாதிதான் உண்மை. அதைச் சோதித்துப் பார்க்கக் கண்டியைவிடப் பொருத்தமான ஊர் அதிகம் இல்லை.

காரணம், கண்டியில் அடுத்தடுத்த வாங்குகளில் உட்காரும் பிள்ளைகளின் வீட்டுமொழிகள் இந்த ஒரு விஷயத்தில் எதிரெதிர்த் துருவங்களாக இருக்கின்றன. பேச்சுச் சிங்களத்தில் வினை எழுவாயோடு இயைவதே இல்லை என்று சொல்லிவிடலாம். 'மம யனவா', 'அபி யனவா', 'எயா யனவா' என்று நான், நாங்கள், அவர் எல்லாருக்கும் அந்த ஒரே 'யனவா'தான். 'மம யன்னம்' போலத் தன்மைக்கு மட்டும் உரிய வடிவம் ஒன்றிரண்டு உண்டு. எழுத்துச் சிங்களமோ வேறு உலகம். அங்கே 'மம யமி', 'அபி யமு', 'ஒஹு யயி', 'ஒவுஹு யதி' என்று இடத்துக்கும் எண்ணுக்கும் ஏற்ப வினை மாறியே ஆகவேண்டும். கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மொழியியலாளர் ஜேம்ஸ் கெயர், சிங்களத்தின் பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள பெரிய பிளவுகளில் ஒன்றாக இந்த இயைபையே எடுத்துக்காட்டினார். ஆகவே சிங்களப் பிள்ளை இயைபு என்ற சங்கதியைப் பள்ளிக்கூடத்தில் இரண்டு முறை புதிதாகச் சந்திக்கிறது. ஒருமுறை தன் சொந்த மொழியின் இலக்கணப் பாடத்தில், இன்னொரு முறை ஆங்கிலத்தில். சொந்த மொழியிலும் அதற்காகப் புள்ளி இழக்கிறது.

தமிழ்ப் பக்கம் வந்தால் நிலைமை தலைகீழ். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் தொடங்குவதே இந்தப் பிரச்சினையில்தான். அதன் முதல் இயலான கிளவியாக்கம் திணையும் பாலும் எண்ணும் இடமும் எழுவாய்க்கும் வினைக்கும் இடையே எப்படி ஒத்துப்போக வேண்டும், எங்கே வழுவும், எந்த வழுவைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று பேசுகிறது. நன்னூல் வழுக்களை ஏழாக வகுத்தது. திணை, பால், இடம் என்ற முதல் மூன்றும் நேரடியாக இயைபுக் குற்றங்கள். 'வந்தேன்' என்ற ஒரு சொல்லில் ஆள், எண், காலம் மூன்றும் அடங்கிவிடுவதால் 'நான்' என்று தனியே சொல்ல வேண்டியதே இல்லை. ஆங்கில வினையால் அப்படித் தனியே நிற்க முடியாது.

ஆனால் 'தமிழ்' என்று ஒருமையில் சொல்வதும் கண்டியில் சரிப்படாது. பேராதனை விடுதி ஒன்றில் யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் தோட்டப்புறத்துப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே அறையில் இருந்தால், வினைமுற்று மூன்று விதமாகக் காதில் விழும். யாழ்ப்பாணத்தவர் 'நான் வந்தனான்', 'அவர் வந்தவர்', 'அவ வந்தவ' என்று வினையை வினையாலணையும் பெயராக்கி, இயைபை இன்னும் அழுத்தமாகப் போடுவார். கலஹா, புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களில் 'அம்மா வந்தாங்க' என்று மரியாதைக்குப் பன்மை வரும். 'பிள்ளைக வந்துச்சு' என்று பன்மைக்கு ஒருமையும் வரும். மத்திய மலைநாட்டிலும் தென்மேற்கிலும் வாழும் முஸ்லிம்கள் பலரின் வீட்டுப் பேச்சிலோ 'நான் போற', 'அவர் போற' என்று விகுதி கழன்ற வினையைக் கேட்கலாம். சிங்களத்தோடு பல தலைமுறை புழங்கியதன் தடம் அது என்று எண்ண இடமுண்டு. தமிழையும் சிங்களத்தையும் ஒப்பிட்டு ஆராய்ந்தவரும் பேராதனைத் தமிழ்த் துறையில் பேராசிரியராக இருந்தவருமான எம். ஏ. நுஃமான் முஸ்லிம் தமிழின் தனித்தன்மைகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார். இரட்டிப்பு இயைபு தொடங்கி இயைபே இல்லாத பேச்சு வரை எல்லாம் கண்டியைச் சுற்றிய சில மைல்களுக்குள் கிடைக்கிறது.

தாய்மொழிதான் குழப்புகிறது என்றால் என்ன நடக்க வேண்டும்? வினைக்கு விகுதி போட்டே பழகிய தமிழ்ப் பிள்ளைக்கு எஸ் எளிதில் வரவேண்டும். விகுதியே இல்லாமல் பேசும் சிங்களப் பிள்ளை தடுமாற வேண்டும். இந்த வேறுபாட்டை விடைத்தாள்களில் தேடுபவர் ஏமாந்துபோவார். 'மை ஃபாதர் வேர்க் இன் எ பாங்க்' என்ற வாக்கியத்தை இரண்டு பிள்ளைகளும் எழுதுகிறார்கள்.

இது கண்டியின் விசித்திரம் அல்ல. 1974 இல் ஹைடி டுலே, மரீனா பேர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ஆங்கிலம் கற்கும் சீன, ஸ்பானியப் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். சீனத்தில் வினைக்கு விகுதியே கிடையாது. ஸ்பானியத்தில் தமிழைப் போல ஆளுக்கு ஒரு விகுதி. ஆனாலும் ஆங்கிலத்தின் சிறு உருபுகள் இரு சாராரிடமும் ஏறத்தாழ ஒரே வரிசையில் படிந்தன. படர்க்கை ஒருமை எஸ் இரு சாராருக்கும் பிந்தி வந்தவற்றில் ஒன்று. பின்னர் மொழியியலாளர் ஸ்டீவன் கிராஷன் வகுத்த வரிசையிலும் அது கடைசித் தொகுதியில்தான் நிற்கிறது. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளுக்கும் இதே கதைதான். ரோஜர் பிரவுன் ஆடம், ஈவ், சேரா என்று பெயரிட்ட மூன்று குழந்தைகளின் பேச்சைத் தொடர்ந்து பதிந்து 1973 இல் வெளியிட்ட நூலில், பதினான்கு உருபுகளில் பன்மை எஸ் நான்காம் இடத்தில் வருகிறது. வினையின் எஸ் பத்தாம் இடத்துக்குப் போய்விடுகிறது.

இந்த நான்குக்கும் பத்துக்கும் உள்ள இடைவெளியைக் கவனிக்க வேண்டும். நம்மவர் நாக்கில் 'ஆஸ்க்ஸ்' போன்ற மெய்க்கூட்டம் நிற்காது, அதனால்தான் எஸ் விழுகிறது என்று ஒரு விளக்கம் உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் 'டெஸ்க்ஸ்' என்ற பன்மையிலும் அதே மெய்க்கூட்டம்தானே இருக்கிறது? ஒலி ஒன்றாக இருக்க, பெயரில் முந்தி வருவது வினையில் பிந்தி வருகிறது. ஆக நாக்கைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எஸ் செய்யும் வேலையில்தான் கோளாறு.

உண்மையில் அது என்ன வேலை செய்கிறது? பெரும்பாலும் எதுவுமில்லை. ஆங்கிலத்தில் எழுவாயை விட முடியாது. 'ஹி' என்று சொன்ன கணத்திலேயே ஒருமை என்றும் படர்க்கை என்றும் தெரிந்துவிடுகிறது. வினையின் எஸ் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறது. ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே வடிவம் கொண்ட 'ஷீப்' போன்ற சில சொற்களில்தான் ஓர் ஆடா பல ஆடுகளா என்று வினையைப் பார்த்து அறியும் நிலை வருகிறது. இறந்தகாலத்துக்குப் போனால் 'வொஸ் – வேர்' தவிர இயைபே இல்லை. 'கேன்', 'வில்', 'மஸ்ட்' முன்னால் வந்தாலும் இல்லை. இத்தோடு முடிந்ததா? பெயரில் எஸ் பன்மையைக் காட்டுகிறது, வினையில் அதே எஸ் ஒருமையைக் காட்டுகிறது. பல மொழிகளில் படர்க்கை ஒருமைதான் விகுதி இல்லாமல் வெறுமனே நிற்கும். ஆங்கிலமோ எல்லாவற்றையும் வெறுமனே விட்டுவிட்டு, அந்த ஒன்றை மட்டும் பிடித்து விகுதி மாட்டியிருக்கிறது. பயன் குறைந்த, எதிர்பாராத இடத்தில் வருகிற, வேறொன்றோடு மயங்கக்கூடிய ஓர் உருபை மனித மூளை கடைசிக்குத் தள்ளிவைப்பதில் வியப்பில்லை.

இந்த விசித்திரம் எப்படி வந்தது என்பதற்கும் கண்டியிலிருந்தே ஒரு சாட்சி உண்டு. பழைய ஆங்கிலத்தில் வினை இடத்துக்கு இடம் மாறியது. காலப்போக்கில் விகுதிகள் தேய்ந்தன. 'தவ்' என்ற முன்னிலை ஒருமை வழக்கிழந்தபோது அதன் விகுதியும் போயிற்று. படர்க்கை ஒருமைக்கு இங்கிலாந்தின் தெற்கில் 'த்' விகுதியும் வடக்கில் 'ஸ்' விகுதியும் வழங்கின. வடக்கத்திய வடிவம் மெல்லத் தெற்கையும் பிடித்தது. 1611 இன் விவிலிய மொழிபெயர்ப்பு 'த்' விகுதியையே வைத்திருந்தது, ஷேக்ஸ்பியர் இரண்டையும் கலந்தார். 1660 இல் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டு, 1679 இல் தப்பி ஓடும் வரை கண்டி நாட்டுக் கிராமங்களில் கைதியாக வாழ்ந்த ரொபர்ட் நொக்ஸ், 1681 இல் அச்சிட்ட தன் நூலில் 'ஹாஸ்' என்று இன்று நாம் எழுதும் இடங்களில் 'ஹாத்' என்றும் எழுதியிருப்பதைக் காணலாம். பேச்சில் எஸ் வென்றுகொண்டிருந்தது, ஏடு பின்தங்கி வந்தது. கண்டி இராச்சியம் 1815 இல் பிரித்தானியர் கைக்குப் போனபோது ஏட்டிலும் போட்டி முடிந்திருந்தது. இங்கே வந்து சேர்ந்த பாடநூல்களில் எஸ் மட்டுமே இருந்தது, அது எப்போதும் அப்படித்தான் இருந்தது என்பது போல.

இங்கிலாந்தின் பேச்சில் எஸ் முழுதாக வென்றுவிடவில்லை என்பதை நம் பாடநூல்கள் சொல்வதில்லை. கிழக்கு ஆங்லியாவில் 'ஷி கோ', 'ஹி லைக்' என்பது பரம்பரைப் பேச்சு. நோரிச் நகரத்தை ஆராய்ந்த பீற்றர் ட்ரட்ஜில், 1974 இல் வெளிவந்த தன் நூலில், அடித்தட்டுத் தொழிலாளர் பேச்சில் இந்த எஸ் 97 சதவீதம் விடுபடுவதாகவும் நடுத்தர வர்க்கத்தின் மேற்படியில் அது விடுபடுவதே இல்லை என்றும் காட்டினார். அங்கே எஸ் இலக்கண அறிவை அளக்கவில்லை, ஆள் எந்தப் படியைச் சேர்ந்தவர் என்பதை அளந்தது.

இந்த அளவுகோலைக் கண்டிக்காரருக்கு யாரும் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பேராதனை மாணவர் வழக்கில் ஆங்கிலத்துக்கு 'கடுவ', அதாவது வாள், என்று பெயர். அந்த வாளைப் பற்றி, அங்கே ஆங்கிலம் கற்பித்த திரு கந்தையா 1984 இல் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. ஆங்கிலம் தெரியாதவரை வெட்டுவது மட்டுமன்று அந்த வாளின் வேலை. ஆங்கிலம் தெரிந்தவர்களுக்குள்ளும் யாருடைய ஆங்கிலம் வீட்டில் வந்தது, யாருடையது ரியூஷன் வகுப்பில் வந்தது என்று பிரிப்பதற்கும் அது பயன்படுகிறது. உச்சரிப்புக்கு அடுத்தபடியாக அந்தப் பிரிப்புக்குக் கைகொடுப்பது நம் எஸ்தான். நேர்முகத் தேர்வில் ஒருவர் சொன்ன கருத்து மறந்துபோகும், 'ஷி டோன்ற்' என்று சொன்னது மறக்காது. பொருளைச் சற்றும் கெடுக்காத பிழை, ஆளைப் பற்றிய மதிப்பை இவ்வளவு கெடுப்பது நியாயமல்ல. ஆனால் நடப்பு அதுதான். இதைத் தெரிந்துகொண்டே 'எஸ்ஸை விட்டுத் தொலையுங்கள்' என்று தோட்டப் பாடசாலைப் பிள்ளைக்குச் சொல்வது, ஆங்கிலம் வீட்டிலேயே கிடைத்தவர்களுக்கு மட்டும் கட்டுப்படியாகும் தாராளம்.

இனித் தாய்மொழி உண்மையாகவே குழப்பும் இடத்துக்கு வருவோம். எஸ்ஸை விட்டுவிடுவது ஒரு வகைப் பிழை. தவறான பெயரோடு வினையை இயைப்பது வேறு வகை. 'த கீ டு த கெபினட்ஸ் ஆர்' என்று ஆங்கிலேயரே தடுமாறுவதை 1991 இல் கத்ரின் பொக், கரல் மில்லர் இருவரும் பரிசோதனையாகச் செய்து காட்டினார்கள். வினைக்குப் பக்கத்தில் நிற்கும் பன்மை, தூரத்தில் நிற்கும் உண்மையான எழுவாயை மறைத்துவிடுகிறது. நமக்கு இதில் கூடுதல் இடர் ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். 'அலுமாரிகளின் திறப்பு காணாமற்போய்விட்டது' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். அடைமொழி முழுவதும் முன்னே வந்துவிட, தலைமைப் பெயரான 'திறப்பு' வினையை ஒட்டி நிற்கிறது. நடுவே செயப்படுபொருள் வந்தாலும் வேற்றுமை உருபு பெரும்பாலும் அதை அடையாளம் காட்டிவிடும். சிங்களத்திலும் அடைமொழி முன்னே, தலைமைப் பெயர் பின்னே என்ற இதே ஒழுங்குதான். ஆகவே வினைக்குக் கிட்டத்தில் உள்ள, உருபேற்காத பெயரை நம்பலாம் என்ற பழக்கம் இரு மொழிப் பிள்ளைகளுக்கும் ஊறிப்போயிருக்கிறது. ஆங்கிலத்திலோ தலைமைப் பெயர் முதலில் வந்துவிடும், 'ஒஃப்', 'இன்', 'வித்' எல்லாம் அதற்குப் பின்னால் வால் பிடித்து நிற்கும். 'த குவாலிட்டி ஒஃப் த றோட்ஸ் ஆர்' என்று எழுதும் மாணவர் கவனக்குறைவானவர் அல்லர். தன் மொழியில் சரியாக இருக்கும் ஒரு நம்பிக்கையை ஆங்கிலத்திலும் வைத்திருப்பவர். எஸ் விடுபடுவதற்குத் தாய்மொழியைக் குற்றம் சொல்லி, இதை 'கவனக்குறைவு' என்று தள்ளிவிடுவதுதான் வழக்கம். இரண்டையும் இடம் மாற்றிச் சொல்கிறோம்.

எங்கள் பேச்சிலிருந்து நேராக இறங்கும் இன்னொன்றும் உண்டு. பேச்சுத் தமிழில் உயர்திணைப் பன்மைக்கு வினை பன்மையாகும், அஃறிணைப் பன்மைக்குப் பெரும்பாலும் ஆகாது. 'பிள்ளைகள் வந்தார்கள்' என்பவர் 'மாடுகள் வந்தது' என்றும் சொல்வார். எழுதும்போது 'வந்தன' என்று திருத்திக்கொள்ள வேண்டும். பத்திரிகைகளில்கூடக் 'கோரிக்கைகள் ஏற்கப்பட்டது' என்று வந்துவிடுகிறது. இப்படிப் பேசுபவருக்கு ஆங்கிலத்தில் 'த போய்ஸ் ஆர்' சட்டென்று வந்து, 'த ப்றொப்ளம்ஸ் இஸ்' என்பது நழுவினால் ஆச்சரியப்படுவதற்கில்லை. உயர்திணை, அஃறிணைப் பெயர்களைப் பிரித்துவைத்து இதைச் சோதிப்பது ஓர் ஆசிரியருக்கு ஒரு வார வேலைதான்.

ரியூஷன் வகுப்புகளில் புழங்கும் சூத்திரம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பெயருக்கு எஸ் இருந்தால் வினைக்கு எஸ் இல்லை, பெயருக்கு இல்லாவிட்டால் வினைக்கு உண்டு. ஒரே எஸ்ஸை இருவர் பங்கு போட முடியாது என்ற இந்தக் கணக்கு முதல் வாரம் நன்றாகவே ஓடும். 'சில்ட்ரன்', 'பொலிஸ்', 'நியூஸ்', 'மெதமெடிக்ஸ்' வந்ததும் சரிந்துவிடும். 'ஐ', 'யூ' இரண்டுக்கும் பெயரில் எஸ் இல்லையே, வினையிலும் இல்லையே என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்டால் முதல் வாரமே சரிந்துவிடும்.

பாடநூலின் பின்பகுதியில் வரும் சிக்கலான விதிகளில்தான் வகுப்பறை நேரம் அதிகம் செலவாகிறது. 'ஈதர் – ஓர்', 'நைதர் – நோர்' வந்தால் கிட்டத்துப் பெயரோடு இயைக்க வேண்டும். 'எவ்ரிவன்' ஒருமை. 'பிரெட் அன்ட் பட்டர்' ஒரே உணவு என்றால் ஒருமை. இவற்றை மாணவர் பேசப்போவதும் குறைவு, எழுதப்போவதும் குறைவு. இதில் 'எவ்ரிவன்' மட்டும் நமக்குப் பழகிய சங்கடம். 'ஒவ்வொருவரும் வந்தார்' என்பதா 'வந்தார்கள்' என்பதா என்று தமிழிலும் இழுபறி உண்டு. கூட்டப் பெயர்கள் அதைவிடச் சுவையானவை. அஸ்கிரிய மைதானத்தில் 1983 இல் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட் நடந்த காலத்திலிருந்து பல்லேகலை மைதானக் காலம் வரை, நம் ஆங்கில விளையாட்டுப் பக்கம் 'ஸ்ரீலங்கா ஆர்' என்றே எழுதுகிறது. அமெரிக்கர் 'இஸ்' என்பார். அணியை ஒரு பொருளாகப் பார்ப்பதா, பதினொரு பேராகப் பார்ப்பதா என்பதுதான் வேறுபாடு. தமிழ் இலக்கணம் இதற்கு எப்போதோ இடம் ஒதுக்கிவிட்டது: விதிக்கு மாறானாலும் காரணம் இருந்தால் வழுவமைதி. மகளைக் கொஞ்சும் தாய் 'என் ராசா வந்துட்டான்' என்றால் எந்தப் புலவரும் பால்வழு என்று சிவப்பு மை எடுப்பதில்லை. ஆங்கில இலக்கண நூல்கள் விதி, விதிவிலக்கு என்ற இரண்டு பெட்டிகளோடு திண்டாடும் இடத்தில், இந்த மூன்றாவது பெட்டியைத் தமிழ் வழியாகக் காட்டினால் எங்கள் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

வினாவாலின் கதையும் வழுவமைதிக்கு நெருங்கியதுதான். எழுவாயைப் பார்த்து 'டஸின்ட் ஷி', 'ஆரின்ட் தே' என்று மாற்ற வேண்டிய இடத்தில் இலங்கை ஆங்கிலம் 'நோ' என்றோ 'இஸின்ட் இட்' என்றோ ஒரே வாலை எல்லாவற்றுக்கும் மாட்டுகிறது. சிங்களத்தின் 'நே'யும் தமிழின் 'தானே'யும் செய்கிற வேலை இது. ஆங்கிலத்தைத் தாய்மொழி போலப் பேசும் கொழும்பு, கண்டிக் குடும்பங்களிலும் இதைக் கேட்கலாம். பேச்சில் இதைத் திருத்துவது வீண். கட்டுரையில் வினாவால் வருவதே அபூர்வம்.

சரி, விடுபடும் எஸ்ஸை என்ன செய்வது? மொழியியலாளர் மன்ஃபிரெட் பீனமன் 1984 இலிருந்து வற்புறுத்திவரும் கருத்து இங்கே உதவும். கற்பவர் ஒரு படியைத் தாண்டி அடுத்ததற்குக் குதிக்க மாட்டார். தயாராகாத படியைக் கற்பித்தால் விதி மனப்பாடம் ஆகும், பேச்சில் வராது. படர்க்கை எஸ்ஸை அவர் உயரமான படிகளில் ஒன்றில் வைக்கிறார். வாக்கியத்தின் ஒரு முனையில் உள்ள தகவலை மறுமுனை வரை மனத்தில் தாங்கிவர வேண்டியிருப்பதே காரணம். இதை ஏற்றால், பேசும் பிள்ளையை நடுவில் நிறுத்தி எஸ்ஸைத் திருத்துவதில் பொருளில்லை. அடிக்கடி வருவதும், காதில் தெளிவாக விழுவதும், இறந்தகாலத்திலும் நிற்பதுமான 'இஸ் – ஆர்', 'வொஸ் – வேர்' ஆகியவற்றை முதலில் உறுதிப்படுத்தலாம். எஸ்ஸைப் பொறுத்தவரை, எழுதி முடித்த கட்டுரையை அதற்காகவே ஒருமுறை தனியாக வாசித்துப் பார்க்கப் பழக்கலாம். அந்த வாசிப்பில் ஒவ்வொரு வினையிலிருந்தும் பின்னோக்கி நடந்து, 'ஒஃப்', 'இன்' போன்றவற்றைத் தாண்டி முதற் பெயரைக் கண்டு கோடிடச் செய்தால் தலைமைப் பெயர்ப் பிழையும் சேர்ந்தே அகப்படும்.

புள்ளியிடுவதிலும் ஒரு மாற்றம் வேண்டும். ஒரு கட்டுரையில் எஸ் பத்து இடத்தில் விடுபட்டிருந்தாலும் அது ஒரே பிழை, பத்துப் பிழையல்ல. அதற்கு ஒருமுறை கழித்தால் போதும். காலம் தவறினால்தான் வாசிப்பவர் வழிதவறுவார். நேற்று நடந்ததைச் சொல்லும் பிள்ளை 'ஹி கம்' என்று எழுதினால், வந்துவிட்டானா, தினமும் வருகிறவனா, இனி வரப்போகிறானா என்று தெரியாது. அந்த இடத்தில் 'ஹி கம்ஸ்' என்று எஸ் சேர்த்துத் திருத்திவிட்டு, 'கேம்' என்றிருக்க வேண்டும் என்பதைக் கவனிக்காமல் அடுத்த வரிக்குப் போய்விடும் திருத்தங்கள் கொப்பிகளில் நிறையவே இருக்கின்றன.